நகரும் மூட்டு, நகராத மூட்டு: ரோபோ சட்டத்துக்கு அலுமினியமும் போல்ட்டும் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதல் ரோபோவைக் கட்டுகிறவர்கள் மோட்டாருக்கும் சென்சாருக்கும் நாட்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சட்டம் என்று வந்தால் மட்டும், "நாலு கம்பியை எடு, மூலைக்கு ஒரு பிராக்கெட்டை வை, முறுக்கு" என்று அரை மணியில் முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் முடித்தேன். எங்கள் ரோபோ சுவரில் மூன்று முறை மோதியது. மூன்றாவது மோதலில் சக்கரத்துக்குப் போகும் செயின் கழன்று தரையில் கிடந்தது. தூக்கிப் பார்த்தால், மோட்டாரைத் தாங்கிய தகடு, கம்பியில் நெடுக ஓடும் பள்ளமான காடியிலேயே 4 மி.மீ. சறுக்கியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதிலிருந்த ஒரு போல்ட்கூடத் தளரவில்லை. ஆலன் கீயைப் போட்டுத் திருப்பினால் கல்லைப் போல நின்றது. இது எப்படி நடந்தது என்பதைப் போல்ட் நீளத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

அலுமினியம் எக்ஸ்ட்ரூஷன் என்பது, சூடாக்கிய அலுமினியக் கட்டியை ஓர் அச்சின் வழியே அழுத்திப் பிதுக்கி எடுக்கும் நீளக் கம்பி. இடியாப்ப உழக்கைப் பார்த்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அச்சில் என்ன வடிவமோ அதே குறுக்குவெட்டு கம்பி நெடுகிலும் இருக்கும். ரோபோவுக்கு நாம் வாங்குவது பெரும்பாலும் டி-ஸ்லாட் வகை. நான்கு முகத்திலும் ஒரு காடி இருக்கும், காடியின் வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருக்கும். அந்த அகலத்தில் ஒரு நட்டை (இதுதான் டி-நட்டு) நுழைத்தால் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தி இறுக்கலாம், துளை போட வேண்டாம். இந்த வசதிக்காகத்தான் இதை வாங்குகிறோம். நட்டு நகர்கிறது என்பதால்தான் இது நம்மைக் கவிழ்க்கவும் செய்கிறது.

ஆகவே கடைக்குப் போகும் முன் படத்தில் இருக்கும் ஒவ்வொரு மூட்டையும் தொட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இது பிறகு நகர வேண்டுமா, நகரவே கூடாதா? படத்தில் நகர வேண்டியதைப் பச்சையிலும் நகரக் கூடாததைச் சிவப்பிலும் வட்டமிடுங்கள். கேமரா, சென்சார், செயின் இழுவையைச் சரிசெய்யும் தகடு எல்லாம் பச்சை. சக்கர அச்சின் பேரிங், தூக்கும் கையின் அடிமூட்டு, சட்டத்தின் நான்கு மூலைகள் எல்லாம் சிவப்பு. என்ன போல்ட், என்ன பிராக்கெட் என்பதை இந்த இரண்டு நிறங்களே முக்கால்வாசி தீர்மானித்துவிடும்.

1. எந்தக் குடும்பம்?

எக்ஸ்ட்ரூஷனைக் குறுக்களவால் அழைப்பார்கள். 2020 என்றால் 20 மி.மீ.க்கு 20 மி.மீ. 2040 என்றால் 20க்கு 40. அங்குலக் கணக்கில் 1010 என்றால் ஓர் அங்குலச் சதுரம். மாணவர் போட்டி ரோபோக்களில் ரெவ் ரோபாட்டிக்ஸின் 15 மி.மீ. வகையும் பரவலாகப் புழங்குகிறது. அதன் காடியில் எம்3 (3 மி.மீ. விட்ட மரை) அறுகோணத் தலை போல்ட்டின் தலையே சறுக்கிக்கொண்டு போகும், தனியாக டி-நட்டு தேவையில்லை.

காடியே இல்லாத குடும்பங்களும் உண்டு. கோபில்டா நிறுவனத்தின் குடும்பம் 8 மி.மீ. இடைவெளித் துளை வரிசையும் எம்4 போல்ட்டும் கொண்டது. வெக்ஸ் நிறுவனத்தின் உலோகப் பாகங்களில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை, அங்குலக் கணக்கு மரை. துளையில் போல்ட் குறுக்காகப் போய்விட்டால் மூட்டு எங்கும் சறுக்காது. ஆனால் அரைத் துளை தள்ளி வைக்க வேண்டும் என்றால் வழியில்லை.

கையில் ஏற்கெனவே ஒரு குடும்பத்தின் பாகங்கள் இருந்தால் அதிலேயே தொடருங்கள். மி.மீ. போல்ட்டையும் அங்குல போல்ட்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்த பாவத்தை எல்லாரும் ஒரு முறை செய்திருப்பார்கள். வெக்ஸின் 8-32 போல்ட் எம்4 நட்டில் ஓரிரு சுற்று ஏறும், பிறகு மரையைக் கெடுத்துவிட்டு நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: மேசையளவு ரோபோ என்றால் 15 மி.மீ., ஆள் தூக்கச் சிரமப்படும் அளவுக்குப் போனால் 20 மி.மீ. குடும்பம். 4040 பார்க்க ராஜகம்பீரமாக இருக்கும், மாணவர் ரோபோவுக்கு வெறும் சுமை. அதை வேலை மேசை செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

2. காடி வாயை அளந்துவிட்டு வாங்குங்கள்

புதியவர்கள் முதலில் ஏமாறும் இடம் இது. 2020 என்ற பெயர் வெளி அளவை மட்டுமே சொல்கிறது. காடியின் வாய் 5 மி.மீ. உள்ளதும் உண்டு, 6 மி.மீ. உள்ளதும் உண்டு. 4040இல் 8 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு வகை. ஒன்றின் டி-நட்டு மற்றதில் நுழையாது, நுழைந்தாலும் ஆடும். வெர்னியரை வைத்து வாயின் அகலம், உள்ளே உள்ள அகலம், மேல் முகத்திலிருந்து காடித் தரை வரை ஆழம் என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது அளவு பின்னால் போல்ட் நீளத்துக்குத் தேவைப்படும்.

வி-ஸ்லாட் என்று விற்பதில் காடியின் உதடுகள் சாய்வாக இருக்கும், அதில் சிறு சக்கரங்கள் ஓடும். நகரும் வண்டியோ ஏறி இறங்கும் தளமோ இருந்தால் அது வாங்கலாம். வெறும் சட்டத்துக்கு அதற்கென்று கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

உலோகக் கலவையைப் பற்றியும் விற்பவர்கள் நீட்டி முழக்குவார்கள். பொதுவாகக் கிடைப்பது 6063, கொஞ்சம் உறுதியானது 6061. வளைந்து திரும்பாமல் போகும் எல்லையில் 6061 மேல்தான். ஆனால் பாரம் ஏறும்போது தொய்வது இரண்டிலும் ஒன்றே, ஏனென்றால் விறைப்பு எல்லா அலுமினியக் கலவைகளிலும் கிட்டத்தட்ட சமம். எஃகோடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தொய்வைக் குறைக்க வேண்டுமென்றால் கலவையை மாற்றாதீர்கள், வடிவத்தை மாற்றுங்கள்.

3. தடிமன்: கூட்டுவதற்கு முன் நிறுத்திப் பாருங்கள்

இரு முனையும் தாங்கிய அரை மீட்டர் 2020இன் நடுவில் 10 கிலோ வைத்தால் ஏறக்குறைய அரை மி.மீ. தொய்யும். அதே கம்பி ஒரு மீட்டர் என்றால் தொய்வு இரட்டிப்பாகும் என்று நினைப்போம். ஆகாது, எட்டு மடங்காகும். 4 மி.மீ. தொய்வு கண்ணுக்கே தெரியும். நீளம் கனத்தில், அதாவது மூன்று முறை பெருக்கி, வேலை செய்கிறது.

உயரமும் அதே போலத்தான், நமக்குச் சாதகமாக. 2040ஐப் படுக்க வைத்தால் 2020ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு. அதையே செங்குத்தாக நிறுத்தினால் ஆறேழு மடங்கு. எடை ஒன்றுதான், விலை ஒன்றுதான், 90 டிகிரி திருப்பியதற்கே இவ்வளவு. பாரம் மேலிருந்து வரும் கம்பிகளில் நீண்ட பக்கம் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத சட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2020 மீட்டருக்குச் சுமார் அரை கிலோ. 450 மி.மீ. சதுரத்தில் இரண்டு குறுக்குக் கம்பிகளோடு ஒரு சட்டம் போட்டால் இரண்டரை மீட்டர் வரும், ஒன்றேகால் கிலோ. போல்ட், நட்டு, பிராக்கெட் எடையைத் தனியாகச் சேருங்கள். போல்ட்டும் நட்டும் எஃகு என்பதால் அது எண்ணியதைவிட அதிகமாக இருக்கும்.

4. மூட்டு வகை

உள் மூலையில் உட்காரும் சிறு வார்ப்பு பிராக்கெட் எல்லாருக்கும் தெரிந்தது. பொருத்துவது சுலபம், கழற்றுவது சுலபம். ஆனால் அது பிடித்திருப்பது உராய்வால் மட்டுமே, முறுக்கு விசைக்கு அவ்வளவாகத் தாங்காது. பச்சை மூட்டுகளுக்குப் போதும்.

எல் வடிவ, டி வடிவத் தட்டைத் தகடுகள் அதைவிட நல்லவை. ஒவ்வொரு கம்பியையும் இரண்டு மூன்று இடத்தில் பிடிப்பதால் மூலை திறக்காது. முகத்தின் மேல் 3 மி.மீ. தடிமனும் போல்ட் தலையும் வெளியே நீட்டும் என்பதுதான் குறை. இந்தக் குறை சில சமயம் வாழ்வா சாவா பிரச்சினையாகும். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்னும் மாணவர் போட்டியில் ரோபோ தொடக்கத்தில் 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், அதாவது 457 மி.மீ. நீங்கள் சட்டத்தை 450க்கு வெட்டி, இரு பக்கமும் எம்5 உருளைத் தலை போல்ட் போட்டால், தலை ஒன்று 5 மி.மீ. உயரம், மொத்தம் 460. அளவுப் பெட்டிக்குள் போகாது. அதே இடத்தில் பட்டன் தலை போட்டால் ஒன்று 2.75 மி.மீ., மொத்தம் 455.5. போய்விடும். தகடும் வைத்தால் இரண்டுமே போகாது. வெட்டும் நீளத்தைப் போல்ட் தலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

சிவப்பு மூட்டுகளுக்கு எனக்குப் பிடித்தது முனையில் மரை போடும் முறை. 2020இன் நடுத் துளை பெரும்பாலும் 4.2 மி.மீ., எம்5 டேப்புக்கு (துளைக்குள் மரை வெட்டும் கருவி) உரிய துளை அதுவே. சில வகைகளில் 5 மி.மீ. இருக்கும், அது எம்6க்கு. கம்பியின் முனையில் எம்5 மரை போட்டு, அதில் பட்டன் தலை போல்ட்டை அரைகுறையாக ஏற்றி, தலையை அடுத்த கம்பியின் காடியில் சறுக்கி விடுங்கள். அந்தக் கம்பியில் முனையிலிருந்து 10 மி.மீ. தள்ளி, எதிர்ப்புறம் வரை ஒரு 4 மி.மீ. துளை இட்டிருந்தால், அதன் வழியே 3 மி.மீ. ஆலன் கீயை விட்டு இறுக்கலாம். வெளியே ஒன்றும் நீட்டாது, சட்டம் ஒரே துண்டு போலத் தெரியும். ஒற்றைப் போல்ட் என்பதால் கம்பி அதைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். உள்ளே ஒரு பிராக்கெட் சேருங்கள். 2040இல் முனையில் இரண்டு துளை உண்டு, திரும்பாது.

டேப் போடும்போது அவசரம் கூடாது. கம்பியை வைஸில் செங்குத்தாகப் பிடியுங்கள், தாடைக்கும் கம்பிக்கும் இடையில் மரத்துண்டு வையுங்கள். துளையில் இரண்டு சொட்டு எண்ணெய். முதல் இரண்டு சுற்றுக்குப் பிறகு மூலைமட்டத்தை இரு பக்கமும் வைத்து டேப் சாயவில்லை என்று பாருங்கள். அதன் பின் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வரும்போது "டிக்" என்று சீவல் முறிவது விரலுக்கே தெரியும். அலுமினியம் பிசுபிசுப்பான உலோகம், சீவல் முறியாமல் சுருண்டால் டேப்பைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடி திடீரென்று கனத்தால் தம் கட்டித் திருப்பாதீர்கள். வெளியே எடுத்து, துடைத்து, மீண்டும் எண்ணெய் விட்டுத் தொடருங்கள். உள்ளே முறிந்த டேப்பை எடுக்கும் நேரத்தில் இன்னொரு கம்பி வெட்டி மரை போட்டு விடலாம். அலுமினிய மரை மென்மையானது என்பதால் போல்ட்டின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது உள்ளே பிடிக்க வேண்டும். எம்5க்கு 10 மி.மீ. பிடி என்றால், 15 மி.மீ. ஆழம் மரை போடுங்கள்.

முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் பிராக்கெட் சென்சார் தாங்க நல்லது. சட்டத்தின் மூலையில் வேண்டாம். இறுக்கிய பிளாஸ்டிக் நாளடைவில் அமுங்கிக் கொடுக்கும், போல்ட் தானாகத் தளர்ந்துவிடும்.

5. டி-நட்டு

முனை வழியே மட்டும் நுழைக்கும் சறுக்கு நட்டு, மேலிருந்து போட்டுத் திருப்பும் சுத்தி நட்டு, பந்து ஸ்பிரிங் வைத்த உருட்டு நட்டு என்று மூன்று வகையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதலாவது காடியில் நிறைய இடம் பிடித்து உட்காரும், சிவப்பு மூட்டுக்கு அதுவே. சட்டம் மூடிய பிறகு நுழைக்க முடியாது என்பதால், மூடும் முன் ஒவ்வொரு காடியிலும் இரண்டு மூன்று உபரி நட்டுகளைப் போட்டு ஒட்டுநாடாவால் மூடி வையுங்கள். 15 மி.மீ. குடும்பத்தில் போல்ட்டுக்கும் இதே கதை. கடைசி நிமிடத்தில் ஒரு சென்சார் சேர்க்க நினைக்கும்போது இதன் அருமை தெரியும்.

சுத்தி நட்டு மலிவு, எங்கும் கிடைக்கும், நம்பிக்கைத் துரோகமும் செய்யும். போல்ட்டைத் திருப்பும்போது அது காடிக்குள் 90 டிகிரி திரும்பி உதட்டின் அடியில் மாட்ட வேண்டும். பாதி திரும்பி, ஒரு மூலையை மட்டும் உதட்டில் குத்திக்கொண்டு நிற்கும் வழக்கம் அதற்கு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இறுகியது போலவே இருக்கும். முனைப் பக்கமிருந்து டார்ச் அடித்துக் காடிக்குள் பாருங்கள், நட்டு குறுக்கே நிற்க வேண்டும். திரும்பாமல் அடம்பிடித்தால் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மேலே இழுத்துப் பிடித்தபடி மீண்டும் சுண்டித் திருப்புங்கள்.

6. போல்ட் நீளம்

இப்போது அந்த 4 மி.மீ. கதைக்கு வருகிறேன். எங்கள் 2020இன் காடி ஆழம் 6 மி.மீ. மோட்டார் தகட்டின் தடிமன் 3. நாங்கள் போட்டது எம்5க்கு 10 மி.மீ. நீளப் போல்ட். 10இல் 3 போனால் 7. காடிக்குள் 6 தான் இடம். போல்ட்டின் முனை காடித் தரையைத் தொட்டு, அதைத் தள்ளிக்கொண்டு "இறுகியது". நட்டு உதட்டைக் கவ்விக்கொண்டிருந்தது உண்மை, ஆனால் தகட்டின் மேல் போல்ட் தலை அழுத்தவே இல்லை. முழு பலமும் தரையைக் குத்துவதில் போயிற்று. 8 மி.மீ. போல்ட்டாக இருந்திருந்தால் 5 மி.மீ. மட்டும் உள்ளே போயிருக்கும், தகடு அசைந்திருக்காது.

கணக்கு இவ்வளவே: தகடு, வாஷர், காடி ஆழம் மூன்றையும் கூட்டுங்கள். போல்ட் அதைவிடக் குறைந்தது 1 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும். அதே நேரம் நட்டின் மரை முழுவதையும் பிடிக்கும் அளவுக்கு நீளமும் வேண்டும். 3 மி.மீ. தகட்டுக்கு 8, 5 மி.மீ. தகட்டுக்கு 10 என்று எங்கள் டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டோம். உங்கள் காடி ஆழம் வேறாக இருந்தால் எண்ணும் மாறும். சந்தேகமா? இறுக்கிய பிறகு பிராக்கெட்டைக் கையால் முறுக்குங்கள். போல்ட் அசையாமல் பிராக்கெட் மட்டும் அசைந்தால் போல்ட் தரை தட்டுகிறது.

எத்தனை வாங்குவது? நான்கு மூலை, இரண்டு குறுக்குக் கம்பியின் நான்கு முனை, ஆக எட்டு மூட்டு. மூட்டுக்கு இரண்டு பிராக்கெட், பிராக்கெட்டுக்கு இரண்டு போல்ட் என்றால் 32. இது வெறும் சட்டத்துக்கு மட்டும். ஒன்றரைப் பங்கு வாங்குங்கள், உருண்டு ஓடியவை திரும்பி வருவதில்லை.

7. தலையும் சாவியும்

உருளைத் தலை எம்3க்கு 2.5 மி.மீ. ஆலன் கீ, எம்4க்கு 3, எம்5க்கு 4. பட்டன் தலையில் சாவி ஒரு படி சின்னது: எம்3க்கு 2, எம்4க்கு 2.5, எம்5க்கு 3. அதனால் பட்டன் தலை சீக்கிரம் வழுக்கிப் போகும். இடம் இருக்குமிடத்தில் உருளை, இடுக்கில் பட்டன். முழு ரோபோவையும் இரண்டு சாவிக்குள் அடக்க முடியுமா என்று முயலுங்கள். போட்டி நேரத்தில் ஒருவர் கையில் ஒரு சாவி போதும் என்றால் பாதிப் பதற்றம் குறையும்.

துருப்பிடிக்காத எஃகில் போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும் இரண்டுமே இருந்து, டிரில் கொண்டு வேகமாக ஏற்றினால், மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். பிறகு ரம்பம்தான். கையால் ஏற்றுங்கள், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

8. வெட்டுவதும் கூட்டுவதும்

ஹேக்ஸாவால் வெட்டலாம், ஆனால் முனை 90 டிகிரியில் அமைவது அபூர்வம். அலுமினியத்துக்கான பிளேடு போட்ட சாய்வெட்டு ரம்பம் கிடைத்தால், தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, கண்ணாடி அணிந்து வெட்டுங்கள். ஒரே நீளம் வேண்டிய கம்பிகளுக்கு ஒவ்வொன்றாக அளக்காதீர்கள். ரம்பத்தின் ஓரத்தில் ஒரு தடுப்புக் கட்டையை இறுக்கி, அதில் முட்ட வைத்து வெட்டுங்கள். இரண்டும் 450.5 ஆக வந்தாலும் சட்டம் நேராக இருக்கும், ஒன்று 450, ஒன்று 451 என்றால் இருக்காது. பிசிறை அரத்தால் நீக்குங்கள், காடிக்குள்ளும். சீவல்களை எலக்ட்ரானிக்ஸ் இருக்கும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். கண்ட்ரோலர் பலகையில் ஒரு துணுக்கு விழுந்தால் ஷார்ட் ஆகப் போதும்.

கூட்டும்போது தட்டையான பலகை மேல் வைத்து, எல்லாப் போல்ட்டையும் விரல் இறுக்கத்தில் விடுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளங்கள். நீளமான மூலைவிட்டத்தின் இரு மூலைகளையும் உள்நோக்கி அழுத்தி, இரண்டும் சமமான பிறகே எதிர் எதிர் மூலையாக இறுக்குங்கள். எம்5 டி-நட்டுக்கு நாலைந்து நியூட்டன் மீட்டர் போதும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் கீ இல்லையென்றால் ஆலன் கீயின் நீள முனையைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து, மணிக்கட்டு பலத்தில் நிறுத்துங்கள்.

9. தளர்வு

போல்ட் ஏன் தானாகக் கழல்கிறது? ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் இதைச் சோதித்துக் காட்டினார். போல்ட்டின் அச்சுக்குக் குறுக்கே மூட்டு முன்னும் பின்னும் நழுவுவதுதான் முக்கியக் காரணம். இறுக்கம் போதுமாக இருந்து மூட்டு நழுவாமல் இருந்தால் போல்ட் கழலாது. ஸ்பிரிங் வாஷர் இதைத் தடுக்கும் என்பது பழக்கத்தில் வந்த நம்பிக்கை, யுங்கர் சோதனையில் அது தோற்றுவிடும்.

போல்ட் குறுக்கே துளைத்துப் போகும் இடங்களில் நைலாக் நட்டு போடுங்கள், நட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு மரை தெரிய வேண்டும். டி-நட்டுகளுக்கு மரைப் பசை, நடுத்தர வலிமையுள்ள நீல நிறம். சிவப்பு வாங்கினால் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். பாலிகார்பனேட், ஏபிஎஸ் பக்கத்தில் இந்தப் பசையைக் கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும்.

சிவப்பு வட்டமிட்ட மூட்டில் காடிதான் வேண்டும் என்றால், தகட்டின் முனைக்குப் பின்னால் காடியில் ஒரு தடுப்பு நட்டை இறுக்குங்கள். அல்லது அளவெல்லாம் உறுதியான பிறகு தகடும் கம்பியும் சேர ஒரு துளை இட்டுக் குறுக்குப் போல்ட் போடுங்கள். நாங்கள் மோட்டார் தகட்டுக்கு இரண்டாவதைச் செய்தோம்.

கடைசியாக ஒரு நெயில் பாலிஷ் புட்டி, எந்த நிறமானாலும் சரி. இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் தகட்டுக்கு ஒரு கோடு இழுங்கள். தகட்டின் ஓரத்திலிருந்து கம்பிக்கும் ஒரு கோடு. முதல் கோடு உடைந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது, இரண்டாவது உடைந்திருந்தால் தகடு சறுக்கியிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ரோபோவைச் சுற்றி வந்து பார்க்க இருபது விநாடி ஆகும்.